வேரில்லாக் கூம்பு

செந்தமிழ்ச்செல்வன் என்று வாய் நிறையப் பெயர் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக இங்கிலீஷில் ஆய்வேடு எழுதினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அதுவும் உள்ளூர்ச் சங்கதியா என்றால் இல்லை, செவ்வாய் கிரகம். அவன் சிதம்பரத்திலிருந்து லீவுக்கு தேவனாம்பட்டினம் வந்து இறங்கினால் போதும். வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள், "என்னா செல்வா, மேல மீன் பாடு எப்பிடி?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "பாடு இல்லண்ணே, ஐஸ்தான் இருக்குது" என்று அவனும் சொல்லிவிட்டுப் போவான். அது வேடிக்கைக்குச் சொன்ன பதில் இல்லை. அவனுடைய ஆய்வே அந்த ஐஸைப் பற்றியதுதான்.

செவ்வாயின் நடுக்கோட்டுப் பக்கம் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்துபோன சமவெளிகள் உண்டு. சுற்றிவரும் விண்கலம் எடுத்தனுப்பிய படங்களில் அங்கங்கே சின்னச் சின்னக் கூம்புகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழி. கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது குமிழ் உடைந்து பள்ளம் விழுமே, அந்த மாதிரி. அதெல்லாம் குட்டி எரிமலை என்றால், ஒவ்வொன்றுக்கும் அடியில் நெருப்பு ஏறிவர ஒரு வழி இருக்க வேண்டும். செல்வன் அப்படி இல்லை என்றான். நெருப்பு எங்கோ தொலைவில் பிறந்து, தரைமேல் ஓடிவந்தது. கூம்புக்கு அடியில் இருந்தது ஐஸ். மண்ணுக்குள்ளே காலங்காலமாகச் சத்தமில்லாமல் கிடந்த ஐஸ். குழம்பு வந்து மூடியதும் அது ஆவியாகி, போக வழியில்லாமல், மேலே கிடந்ததைக் கிழித்துக்கொண்டு வெடித்தது. ஐஸ்லாந்தில் இப்படி வெடித்த கூம்புகள் இருக்கின்றன. அடியில் நெருப்புக் குழாய் இல்லாததால் அவற்றுக்கு வேரில்லாக் கூம்பு என்று பெயர். செவ்வாயிலும் அதேதான் என்று காட்டிவிட்டால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் நிலத்தடியில் ஐஸ் இருந்தது என்று ஆகிவிடும்.

இதையெல்லாம் கொட்டாவி விடாமல் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அருள்முருகன். செல்வனின் தங்கை கனிமொழியைக் கட்டியவன். இந்தக் கதை அந்த அருள்முருகனின் கண்களைப் பற்றியது. அதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கடைசிவரை பொத்தி வைத்திருந்து திடுக்கிட வைப்பதற்கு இது வித்தை காட்டுகிற இடம் இல்லை.

அருளும் தேவனாம்பட்டினத்துக்காரன்தான். சுனாமியில் அவன் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. கொண்டுபோய் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தது. காரியம் முடிந்ததும் அருள் போட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடலூர் முதுநகரில் பித்தளை வார்க்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டான். அந்த வருஷங்களில் யார் யாரோ வந்து ஃபைபர் போட்டுகளாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போட்டு ஜாஸ்தியானதும் அதன் அடியில் சுழலும் பித்தளை விசிறி உடைவதும் ஜாஸ்தியானது. அருள் முதுநகரிலேயே தனியாகக் கொட்டகை போட்டு விசிறி வார்க்க ஆரம்பித்தான். நல்ல கைக்காரன் என்று பெயர் எடுத்தான். "நெருப்பு வீடு தேடி வராது மச்சான். நாம கிட்ட போனாத்தான் சுடும். கடலு அப்பிடியில்ல" என்பான்.

முதல் தடவை செல்வன் செவ்வாயின் படங்களைக் கொட்டகைக்கு எடுத்துவந்து காட்டியபோது அருள் கரிக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

"அப்ப மோல்டுல ஈரம் இருந்திருக்குதுன்னு சொல்லு" என்றான்.

செல்வனுக்குச் சட்டென்று புரியவில்லை. மண்ணில் அச்சுப் பிடித்து அதில் உருக்கிய பித்தளையை ஊற்றுகிறவனுக்கு ஈரம்தான் எமன். அச்சில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தால் ஆவி சீறி வார்ப்பு ஓட்டையாகிவிடும். நிறையத் தங்கியிருந்தால் ஆள் மேலேயே தெறிக்கும். பட்டறையில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது.

"பட்டறையில இப்பிடி ஊத்தினா மொதலாளி சீட்டக் கிழிச்சிடுவாரு. அங்க கேக்கறதுக்கு ஆளில்ல, அவம்பாட்டுக்கு ஊத்தியிருக்கான்" என்று அருள் சிரித்தான். செல்வனும் சிரித்தான். வருஷக்கணக்காகத் தான் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் ஒருவனுக்கு இவ்வளவு லேசாகப் பிடிபட்டதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம். அன்றிலிருந்து லீவு என்றால் அவன் வீட்டில் இருந்ததைவிடக் கொட்டகையில் இருந்ததுதான் அதிகம்.

ஆய்வுக்கு வழிகாட்டி பேராசிரியர் தட்சிணாமூர்த்தி. கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். "படம் உலகத்துல எல்லார்கிட்டயும் இருக்குப்பா. நீ சொல்ற மாதிரிதான் நடந்துச்சின்னு எத வச்சி நம்பறது? வைவால அதத்தான் கேப்பாங்க. சின்னதா ஒரு பரிசோதனை பண்ணிக் காட்டு" என்றார். பல்கலைக்கழகத் துறையில் ஒரு கல்லை உருக்குகிற அளவுக்குக்கூட உலை கிடையாது. செல்வன் வேறு எங்கே போவான்? முதுநகருக்குத்தான் வந்தான்.

அருள் உடனே தலையாட்டவில்லை. "ஈரத்து மேல ஊத்தச் சொல்றியா? தெரிஞ்சேவா?" என்று கேட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். கற்ற தொழிலுக்கு நேர் எதிரான வேலை அது. மறுநாள் அவனாகவே ஒரு வழி சொன்னான். இரும்புப் பெட்டி ஒன்றின் அடியில் ஓட்டைகள் போட்டு, கீழே ஒரு தட்டு வைத்துவிடலாம். உள்ளே நொறுக்கின ஐஸ், மேலே மெல்லிசாக மணல். ஐஸ் கரைந்தால் தண்ணீர் உள்ளே தேங்காமல் தட்டுக்கு இறங்கிவிடும். முகத்துக்கு முழுசாகக் கண்ணாடித் தடுப்பு போட்டுக்கொள்ள வேண்டும். கிட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது.

"அண்ணன் கேட்டுட்டா போதுமே, இவருக்கு ராத்திரியில தூக்கம் வராது" என்று கனிமொழி கேலி செய்தாள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்புறம் எத்தனையோ தடவை செய்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷக் கோடை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உலைக்குக் காற்றடிக்கிற மோட்டார் நின்றுவிட்டால் பித்தளை உருகாது. உருகியிருந்ததும்கூட இறுக ஆரம்பித்துவிடும். அதற்குள் ஐஸ் அத்தனையும் தண்ணீராகித் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். ஊற்றினால் 'புஸ்' என்று கொஞ்சம் ஆவி, கசங்கின அப்பளம் மாதிரி ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். "நமக்கு முன்னாடி ஐஸ் ஓடிப்போயிடுது மச்சான்" என்று அருள் அலுத்துக்கொள்வான். அலுத்துக்கொண்டாலும் மறுபடி வா என்றுதான் சொல்வான்.

அந்த நாள் காலையில் செல்வன் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வழக்கமாக வாங்குவதற்கு இரண்டு பங்காக ஐஸ் வாங்கினான். சாக்கில் கட்டி, வழியில் கரையாமல் இருக்க நாலு கை உமியும் அள்ளிப்போட்டுக் கொடுத்தார்கள். கொட்டகைக்கு வந்தபோது அருள் இல்லை. கரி வாங்கப் போயிருந்தான். செல்வன் தனியாக உட்கார்ந்து ஐஸை நொறுக்கினான். நொறுக்கி, பெட்டியில் பரப்பினான். அவன் புத்தி அங்கே இல்லை. வைவாவில் யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்லலாம் என்று சிதம்பரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கைகள் மட்டும் பெட்டியில் இருந்தன. சின்ன வயசில் அவன் அப்பா பக்கிரி தன் போட்டில் ஐஸை உடைத்து உடைத்துப் போடுவார். இவன் மேலே உமியை அள்ளித் தூவி, அமுக்கி, மறுபடி தூவ வேண்டும். ஒழுங்காக அமுக்கவில்லை என்றால் முதுகில் ஒன்று விழும். அந்தக் கைகள் சாக்கிலிருந்த உமியை அள்ளி ஐஸுக்கு அடியிலும் இடுக்கிலும் மேலும் போட்டன, அமுக்கின. பிறகு மணலைப் பரப்பினான். உமி போட்டோம் என்பதே அவன் மனசில் பதியவில்லை. சட்டைக்குப் பட்டன் போடுகிறவன் போட்டேனா என்று யோசிப்பதுண்டா?

அருள் வந்து உலையை மூட்டினான். கரண்ட் போனது. இரண்டு பேரும் வேர்த்து வழிய உட்கார்ந்து டீ குடித்தார்கள், வார்டு கவுன்சிலரைத் திட்டினார்கள், பண்ருட்டிப் பலாப்பழம் இந்த வருஷம் சரியில்லை என்று பேசினார்கள். மத்தியானம் சாய்ந்துதான் கரண்ட் வந்தது. மூசைப் பாத்திரத்தில் பித்தளை உருகித் தளதளவென்று ஆனபோது செல்வன் குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தான். தட்டு தளும்பிக்கொண்டிருந்தது.

"போச்சி மாப்ள. எல்லாம் கரைஞ்சிடுச்சி. இன்னிக்கும் அவ்வளவுதான்."

"உருக்கினத என்னா செய்யறது? மூசையிலயே எறுகிச்சின்னா மூசையும் சேந்து போயிடும்."

"ஊத்திடு. வெறும் மண்ணு மேல ஊத்தினா கூம்பு வராதுன்னும் காட்டணும்ல. அதுல சேத்துக்கலாம்."

அருள் மூசையைத் தூக்கும் கொறடாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தரம் பெட்டியைப் பார்த்தான். "ஈரம் இருக்குமே மச்சான்?"

"தண்ணிதான் எறங்கிடுச்சே. ஒண்ணும் ஆவாது, ஊத்து."

ஒண்ணும் ஆவாது. படித்தவன் சொன்னான், மச்சான் சொன்னான். அருள் ஊற்றினான். பித்தளை மணல் மேல் பரவி, மஞ்சளாக மினுங்கி, ஓரத்தில் கறுக்க ஆரம்பித்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆவிகூட வரவில்லை. அருள் மூசையை ஓரமாக வைத்துவிட்டு, முகத் தடுப்பை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, தோளால் வேர்வையைத் துடைத்தான். ஊற்றினது எப்படி ஓடியிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். வார்க்கிறவன் எவனாக இருந்தாலும் குனிந்து பார்ப்பான். செல்வன் பின்னால் கேமராவுடன் நின்றான்.

பெரிய வெடிகூட இல்லை. ஈரத் துணியை ஓங்கி உதறினதுபோல ஒரு சத்தம். அருள் அப்படியே பின்னால் உட்கார்ந்தான். கத்தவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "மச்சான், கண்ணுல மண்ணு உயுந்துடுச்சி. கொஞ்சம் தண்ணி குடு" என்றான்.

விழுந்தது மண் இல்லை.

ஆட்டோவில் கடலூர் பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். இடது கண்ணைப் பற்றி டாக்டர், "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, பொறுத்துப் பாக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டிலருகே செல்வன் உட்கார்ந்தபோது அருளின் தலைமுடியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கரித்தூள் என்று நினைத்து ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தான். தூளாகவில்லை. நீளவாக்கில், படகுபோலக் குழிந்து, ஓரம் கருகியிருந்தது.

உமி.

அப்போதுதான் காலையில் தன் கைகள் செய்தது அவனுக்குக் கண்ணில் வந்தது. உமி போட்டு அமுக்கின ஐஸ் நாகப்பட்டினம் வரை போய்த் திரும்பினாலும் கரையாது. இது தேவனாம்பட்டினத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். தட்டு நிரம்பினது, போட்டது இரண்டு பங்கு என்பதால். மேலாகக் கரைந்தது இறங்கிவிட்டது. மீதி அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது. செவ்வாயில் காய்ந்த புழுதி மேலே போர்த்திக் கிடப்பதால்தான் அடியிலுள்ள ஐஸ் சூடு படாமல் நிற்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறான் இவன். வரைபடத்தோடு எழுதியிருக்கிறான். அத்தனை கோடி மைலுக்கு அப்பால் நடப்பது தெரிந்தவனுக்குத் தன் கைக்கு அடியில் நடந்தது தெரியவில்லை. செல்வன் அழுதான். மூக்கு ஒழுக ஒழுக, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதான்.

"நீ என்னாத்துக்கு மச்சான் அழுவுற?" கட்டுக்குள்ளிருந்து அருள் சொன்னான். "நாந்தான கண்ணாடிய மேல தூக்கினன். எந்தப்பு. நீ போயி கனிக்கு எதுனா சாப்பிட வாங்கிக் குடு."

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். செல்வனுக்கும் அது தெரியும். வாயைத் திறந்தான். இந்த நிலையில் சொன்னால் மனசு தாங்காது, இடது கண் பிழைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு தவணை வாங்கிக்கொண்டான். யாருடைய மனசு தாங்காது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் உலையைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனான். பெட்டியின் நடுவில் அது நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைக் கூம்பு. சரிவான பக்கங்கள், தலையில் அழகான ஒரு குழி, குழியைச் சுற்றி உதடு மடிந்தாற்போல ஒரு விளிம்பு. செவ்வாயின் படத்தை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான், ஆனால் மகிழ்ச்சிதான். அதற்கு வேறு பெயர் இல்லை. அந்தக் கணத்தை அவன் பிறகு எத்தனை தடவை நினைத்துத் தன்னைத் தானே காறித் துப்பியிருப்பான் என்று கணக்கில்லை.

தட்சிணாமூர்த்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "எவன்கிட்டயும் இப்பிடி ஒரு சாம்பிள் இருக்காதுப்பா" என்றார். விபத்தைப் பற்றிக் கேட்டு, உச்சுக் கொட்டி, உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு, "கட்டாயம் தீசிஸ்ல வச்சிடு. முன்னுரையில அவருக்கு நன்றின்னு நல்லா ரெண்டு வரி எழுது" என்றார்.

இடது கண் உடனே போகவில்லை. போயிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வெளிச்சம் தெரிகிறது என்றான் அருள். கனிமொழியின் புடவை சிவப்பு என்று ஒரு நாள் சொன்னான். அது சிவப்பாகவே இருந்தது. அன்று அவள் பாடலீஸ்வரர் கோயிலில் கற்பூரம் கொளுத்தினாள். ஒரு ஆபரேஷன் செய்தார்கள், இன்னொன்று செய்தார்கள். சிவப்பு மங்கிப் பழுப்பானது, பழுப்பு மங்கி வெறும் வெளிச்சமானது. செல்வன் ஒவ்வொரு தடவையும் கூடவே பாண்டிச்சேரிக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, அடுத்த தடவை நல்ல சேதி வந்ததும் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டான். வருஷக் கடைசியில் புயல் அடித்துக் கொட்டகையின் கூரை பிய்ந்து போனது. அதைத் திரும்பப் போட ஆளில்லை. தை பிறந்ததும் போனபோது டாக்டர் கனிமொழியிடம், "இனிமே அலைய வேணாம்மா" என்றார். அவ்வளவுதான். நல்ல சேதி என்ற ஒன்று இனி இல்லை. செல்வன் வாங்கின தவணைக்கும் நாள் இல்லாமல் போய்விட்டது.

கனிமொழி பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விடியும் முன்னே பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். விரலெல்லாம் முந்திரிப் பால் பட்டுத் தோல் உரிந்திருக்கும். அவள் வாய் சும்மா இருப்பதில்லை. சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, யாரிடம் என்று இல்லாமல், "அந்தக் கண்ணாடிய என்னாத்துக்குத் தூக்கினீங்க? ஒரு நிமிசம் பொறுத்தா என்னா?" என்பாள். அருள், "ஆமா, தப்புதான்" என்பான். மறுபடி மறுபடி கேட்பாள். மறுபடி மறுபடி சொல்வான். சுனாமி குடியிருப்பின் அந்த வீட்டில் வேறு பேச்சே குறைந்துபோனது.

அருள் செல்வனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கூம்பு நல்லா வந்திருக்குதாமே. ஒரு தபா எடுத்தாந்து எங்கையில குடு மச்சான்." துறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், படம் எடுக்கப் போயிருக்கிறது என்று செல்வன் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இனி சாக்கு இல்லை என்று ஆனதும், துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் பஸ் ஏறினான்.

அருள் பாயில் உட்கார்ந்திருந்தான். முகம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. கூம்பைக் கையில் வைத்ததும் அந்த முகம் மலர்ந்தது. கண் போனபின் பித்தளையைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

"யப்பா. கனம் இருக்குது." சரிவை விரலால் தடவினான். தலைக்குழியில் கட்டைவிரலை விட்டுச் சுற்றினான். விளிம்பைத் தட்டிப் பார்த்தான். "கச்சிதமா வந்திருக்குது மச்சான். மேலயும் இதே மாதிரியா இருக்குது? செவ்வாயில?"

"இதே மாதிரிதான் மாப்ள. ஆனா மலையாட்டம் பெரிசு."

"அப்ப நம்ம செஞ்சது சரிதான்." அருள் சிரித்தான். பழைய சிரிப்பு. செல்வனுக்கு அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. உள்ளே கனிமொழி டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

அருள் கூம்பைக் கவிழ்த்தான். அடியில் சூட்டில் வெந்த மண் பொருக்காக ஒட்டியிருந்தது. செல்வன் அதைத் தொடாமல் அப்படியே விட்டிருந்தான். படத்துக்கு வேண்டியது மேல்பக்கம்தானே. வார்ப்பு எதுவானாலும் கைக்கு வந்தால் ஒட்டின மண்ணை உதிர்த்துச் சுத்தம் செய்வது பட்டறைக்காரன் பழக்கம். அருள் பேசிக்கொண்டே நகத்தால் பொருக்கைப் பெயர்த்தான். தரையில் தட்டினான். ஊதினான். பெருவிரலால் அடிப்பக்கத்தை வழித்தான்.

விரல் நின்றது. மறுபடி வழித்தது. இந்தத் தடவை மெதுவாக.

நெருக்கி நெருக்கிப் பொடி எழுத்து எழுதியதுபோல அடியெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்கள். நீளவாக்கில், படகுபோலக் குழிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அமுக்கி அமுக்கி. மணல் சிதறிய இடத்தில் பித்தளை தான் தொட்டதை அப்படியே அச்சுப் பிடித்து வைத்திருந்தது. செல்வன் அதை அப்போதுதான் பார்த்தான். எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

"மச்சான்."

"ம்."

"உமி போட்டியா?"



அருளின் விரல் இன்னும் அந்தக் குழிகளில் நகர்ந்துகொண்டிருந்தது. "அமுக்கி வேற போட்டிருக்க" என்றான். குரலில் கோபமே இல்லை. வலையில் ஏறின மீனின் பெயர் சொல்வதுபோலச் சொன்னான். "உமி போட்டா நாளைக்கி மத்தியானம் வரிக்கும் நிக்கும். நமக்குத் தெரியாததா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஊத்தியே இருக்க மாட்டனே."

திட்டு, மாப்ள. எடுத்து எறி அதை என் மேல். செல்வனின் நெஞ்சுக்குள் அதுதான் ஓடியது. அருள் எறியவில்லை. கூம்பைத் துணியில் வைத்து, நான்கு முனையையும் தடவித் தடவி எடுத்து முடிச்சுப் போட்டு, அவன் பக்கம் நகர்த்தினான்.

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அருள் அவனை வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறான்.

கனிமொழி டீயோடு வந்தாள். அண்ணனிடம் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, கணவனின் கையைப் பிடித்து இன்னொன்றை விரல்களுக்குள் வைத்தாள். துணி மூட்டையைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வழக்கமான பேச்சு வந்துவிட்டது.

"இத்தத்தான் பாக்கணும் பாக்கணும்னு தவிச்சீங்களா? நல்லா பாத்தீங்களா? அந்தக் கண்ணாடிய மட்டும் தூக்காம இருந்திருந்தா கண்ணாலயே பாத்திருக்கலாம். நீயே சொல்லுண்ணே, யாராவது தூக்குவாங்களா?"

அருள் முகத்தைத் திருப்பினான். செல்வன் இருந்த திசைக்குத்தான் திருப்பினான். காத்திருந்தான். அந்த வெளுத்த முகம் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் செல்வனுக்குப் பட்டது. இதைவிட வேறு நேரம் இனி வாய்க்காது என்பதும் தெரிந்தது. நான்தான் கனி, நான்தான் செய்தேன். நாலே வார்த்தை. அவன் டம்ளரின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு அருள் சொன்னான்.

"ஆமா கனி. எந்தப்புதான்."

செல்வன் டீயைக் குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டாண்ணே?" என்று கனிமொழி கேட்டாள்.

அவன் டம்ளரை நீட்டினான்.